நகைக்கடன் பிரிவிலிருந்து பிசினஸ் ஸ்கூலுக்கு: கொழிஞ்சாம்பாறை சி.ஏ. ஒருவரின் வாய்ப்பு எவ்வளவு?

பாலக்காடு மாவட்டத்தின் கிழக்கோரம், கொழிஞ்சாம்பாறையை ஒட்டிய ஒரு கிராமத்துக்காரர் இவர். வயது 34. பத்தாம் வகுப்பு வரை தமிழ் வழி. சி.ஏ. படித்துக்கொண்டே பி.காம். பட்டத்தைத் தொலைநிலைக் கல்வியில் வாங்கினார். சி.ஏ. இறுதித் தேர்வில் இரண்டாம் முயற்சியில் தேறினார். 2015-இல் கொச்சியில் ஒரு தணிக்கை நிறுவனத்தில் சேர்ந்து மூன்றாண்டு வேலை பார்த்தார். 2018-இல் வங்கி அல்லாத நிதி நிறுவனம் (என்.பி.எஃப்.சி.) ஒன்றில், கடன் திரும்பாமல் போகும் அபாயத்தை மதிப்பிடும் ரிஸ்க் பிரிவுக்கு மாறினார். இன்று பாலக்காடு, கோவை, திருப்பூர் மாவட்டக் கிளைகளின் நகைக்கடனுக்கும் சிறுதொழில் கடனுக்கும் ரிஸ்க் பொறுப்பு அவருடையது. கணவருக்குக் கோவையில் வேலை. ஐந்து வயதில் ஒரு மகள்.

அவருடைய ஒப்புதலோடுதான் இதை எழுதுகிறேன். அடையாளம் தெரியக்கூடிய விவரங்களை மாற்றியிருக்கிறேன். நிறுவனத்தின் பெயரையும் உள்கணக்கையும் தவிர்த்திருக்கிறேன். நிதித்துறையில் பத்தாண்டைக் கடந்த பலர், குறிப்பாகப் பெருநகரங்களுக்கு வெளியே வேலை பார்ப்பவர்கள், எம்.பி.ஏ. படிக்க நல்ல பிசினஸ் ஸ்கூலில் இடம் கிடைக்குமா என்ற இதே கேள்வியோடு என்னிடம் வருகிறார்கள். ஒரே ஒரு விண்ணப்பத்தை அக்குவேறு ஆணிவேறாகப் பிரித்துக் காட்டினால் அவர்களுக்குப் பயன்படும் என்று நம்புகிறேன்.

அவர் கொண்டுவந்த பட்டியலில் ஐந்து பெயர்கள் இருந்தன: ஹார்வர்ட், வார்ட்டன், இன்சியட், ஹைதராபாத் ஐ.எஸ்.பி., அகமதாபாத் ஐ.ஐ.எம். கூடவே ஓர் எக்செல் தாள். ஒவ்வொரு பள்ளிக்கும் சராசரி ஜிமேட் (நுழைவுத் தேர்வு) மதிப்பெண், தரவரிசை, கட்டணம் எல்லாம் நிரப்பியிருந்தார். கடைசிப் பத்தியின் தலைப்பு ‘வாய்ப்பு, சதவீதத்தில்’. அது மட்டும் காலியாக இருந்தது. “அதை நீங்க போட்டுக் குடுங்க சார்” என்றார்.

அந்தப் பத்தியை நான் நிரப்பவில்லை. ஒரு வகுப்பின் சராசரி, உள்ளே போனவர்கள் யார் என்பதைச் சொல்லும். இவர் போவாரா என்பதைச் சொல்லாது. அதிலும் 11 ஆண்டு அனுபவம் உள்ளவருக்கு அந்தச் சராசரிகள் தவறான திசையையே காட்டும். ரிஸ்க் பிரிவில் இருப்பவருக்கு இது நன்றாகத் தெரியும்: தகுந்த ஆதாரம் இல்லாமல் போட்ட எண், எண் போடாததைவிட ஆபத்தானது. ஆகவே ‘அரிது’, ‘சமபலம்’, ‘நல்லது’ என்ற மூன்று சொற்களோடு நிறுத்திக்கொண்டோம்.

ஆண்டுகள் எங்கே கூடுதல், எங்கே அளவு

முதல் கேள்வி மதிப்பெண் அல்ல. இந்தப் படிப்பு யாருக்காக வடிவமைக்கப்பட்டது என்பதுதான்.

ஹார்வர்ட், வார்ட்டன் போன்ற அமெரிக்கப் பள்ளிகளின் இரண்டாண்டு எம்.பி.ஏ. வகுப்பில் சேருபவர்களின் சராசரி வேலை அனுபவம் ஏறக்குறைய 5 ஆண்டு. வயது 27, 28. வயது வரம்பு என்று எங்கும் எழுதிவைக்கவில்லை. 34 வயதில் சேர்ந்தவர்களும் உண்டு. ஆனால் அந்த இரண்டாண்டின் நடுவில் ஒரு கோடைக்காலப் பயிற்சி வேலை இருக்கிறது. பெரிய நிறுவனங்கள் ஆளெடுப்பது பெரும்பாலும் அந்த வாசல் வழியாகத்தான். அந்த வேலை நான்கைந்து ஆண்டு அனுபவக்காரரை மனத்தில் வைத்தே தரப்படுகிறது. மூன்று மாவட்டங்களின் கடனுக்குக் கையெழுத்துப் போடுபவர் அந்த இடத்தில் உட்கார்ந்து என்ன பெறப்போகிறார் என்ற கேள்வியைச் சேர்க்கைக் குழு கேட்கும். அவரிடம் அதற்குப் பதில் இல்லை. எனக்கும் தோன்றவில்லை. இரண்டையும் முதல் சந்திப்பிலேயே பட்டியலிலிருந்து எடுத்தோம்.

ஓராண்டுப் படிப்புகள் வேறு உலகம். அகமதாபாத்தின் பி.ஜி.பி.எக்ஸ். 2006-இல் தொடங்கியது, அனுபவம் உள்ளவர்களுக்காகவே உண்டானது. பெங்களூர் ஐ.ஐ.எம்.மின் இ.பி.ஜி.பி., கல்கத்தாவின் எம்.பி.ஏ.எக்ஸ். இரண்டும் அதே இனம். இங்கே 8, 10 ஆண்டு அனுபவத்தை யாரும் உறுத்தலாகப் பார்ப்பதில்லை. 2017-ஆம் ஆண்டின் ஐ.ஐ.எம். சட்டத்துக்குப் பிறகு இந்தக் கழகங்களே பட்டம் தரும் உரிமையும் பெற்றுவிட்டன. ஐ.எஸ்.பி.யின் ஓராண்டுப் படிப்பு இவற்றிலிருந்து கொஞ்சம் விலகியது; அங்கே வகுப்பின் சராசரி அனுபவம் 4, 5 ஆண்டு. அனுபவசாலிகளுக்கு அவர்களே தனிப் படிப்புகள் வைத்திருக்கிறார்கள். இவர் விண்ணப்பம் போனால் அந்தப் பக்கம் கைகாட்டக்கூடும்.

இன்சியட் பத்து மாதப் படிப்பு. பிரான்ஸின் ஃபோன்தெய்ன்ப்ளோவிலும் சிங்கப்பூரிலும் வளாகங்கள். ஜனவரியிலும் ஆகஸ்டிலுமாக இரண்டு சேர்க்கைகள். சராசரி வயது 29. இவர் மேல் விளிம்பில் நிற்கிறார், வெளியே இல்லை.

இன்னொரு வகையும் உண்டு: எம்.ஐ.டி.யின் ஸ்லோன் ஃபெலோஸ், ஸ்டான்ஃபோர்டின் எம்.எஸ்.எக்ஸ்., லண்டன் பிசினஸ் ஸ்கூலின் ஸ்லோன். மூன்றும் ஓராண்டு; பத்தாண்டு சுமாராகவோ அதற்கு மேலோ வேலை பார்த்தவர்களுக்கானவை. ஸ்டான்ஃபோர்ட் குறைந்தது 8 ஆண்டு கேட்கிறது. பட்டியலில் இவை ஏன் இல்லை என்று கேட்டேன். கேள்விப்பட்டதே இல்லை என்றார். நம் பக்கத்தில் பலருடைய நிலை இதுதான். ஹார்வர்ட் என்ற பெயர் வேலந்தாவளம் பேருந்து நிறுத்தம் வரை வந்துவிட்டது. தன் வயதுக்கும் அனுபவத்துக்கும் ஏற்ற படிப்பின் பெயர் வரவில்லை.

சி.ஏ. படிப்போடு சேர்ந்த பணிப்பயிற்சியான ஆர்ட்டிகிள்ஷிப் மூன்றாண்டை அனுபவத்தில் கூட்டலாமா என்று கேட்டார். நான் கூட்டவில்லை. (2023-இல் வந்த புதிய திட்டத்தில் அது இரண்டாண்டாகக் குறைந்துவிட்டது, இவர் படித்த காலத்தில் மூன்று.) அது பயிற்சிக் காலம். கூட்டினால் 14 ஆண்டு ஆகும். அவருடைய பிரச்சினையே ஆண்டுகள் கூடுதலாக இருப்பதுதான்.

635 என்ற எண்

2023 நவம்பரில் வந்த புதிய ஜிமேட்டில் மதிப்பெண் 205-இலிருந்து 805 வரை. கணிதம், மொழி, தரவு என்று மூன்று பகுதிகள். தலா 45 நிமிடம். மூன்றுக்கும் சம எடை. இவருக்கு முறையே 85, 80, 79; மொத்தம் 635. பழைய அளவுகோலில் 700-க்குச் சற்றுக் கீழே. ‘650 தாண்டாவிட்டால் விண்ணப்பிக்கவே வேண்டாம்’ என்று யாரோ சொல்லி மனம் தளர்ந்திருந்தார்.

அந்த அறிவுரை 25 வயதுப் பொறியாளருக்குப் பொருந்தலாம். சி.ஏ. முடித்து 11 ஆண்டு எண்களோடு வாழ்ந்தவரின் கணக்குத் திறமையைச் சேர்க்கைக் குழு ஜிமேட்டை மட்டும் வைத்துத் தீர்மானிப்பதில்லை. ஐ.ஐ.எம்.களுக்கு 635 போதும்; கதவைத் திறந்துவிடாது, ஆனால் மூடாது. இன்சியட்டுக்கு மட்டும் ஒருமுறை திரும்ப எழுதலாம் என்றேன், அதுவும் ஒரு தெளிவான காரணத்தால். தரவுப் பகுதியில் கடைசிச் சில கேள்விகளைத் தொடாமலே நேரம் முடிந்துபோயிருக்கிறது. 20 கேள்விக்கு 45 நிமிடம். இவர் ஒவ்வொரு அட்டவணையையும் தணிக்கை செய்வதுபோல் முழுக்கப் படித்திருக்கிறார். அந்தப் பழக்கம் வேலையில் நல்லது, தேர்வில் கெடுதல். மொழிப் பகுதியில் பழைய இலக்கணத் திருத்தக் கேள்விகள் இப்போது இல்லை. வாசித்துப் புரிவதும் வாதத்தை உடைத்துப் பார்ப்பதும்தான். கடன் விண்ணப்பத்தில் பொய்யைக் கண்டுபிடிக்கத் தெரிந்தவருக்கு அது வசப்படும்.

தொலைநிலை பி.காம். பற்றி அவருக்கு இருந்த கூச்சத்துக்கு இந்தியப் பள்ளிகளில் இடமே இல்லை. சி.ஏ. என்றால் என்ன என்று அகமதாபாத்தில் யாருக்கும் விளக்க வேண்டாம். வெளிநாட்டுக்கு மட்டும் இரண்டு வரி தேவை: இது தேசியத் தேர்வு, முழுநேரப் பணிப்பயிற்சியோடு சேர்ந்தது, அதனால்தான் பட்டம் தொலைநிலையில். மன்னிப்புக் கேட்கும் தொனி அதில் வரக்கூடாது.

ஒற்றை வரியில் புதைந்து கிடந்தது

ரெஸ்யூமேயைப் படித்தேன். சுத்தமாக இருந்தது. படித்து முடித்ததும் ஒன்றும் நினைவில் நிற்கவில்லை. ‘கண்காணித்தேன்’, ‘ஒருங்கிணைத்தேன்’, ‘மேற்பார்வையிட்டேன்’. அவற்றுக்கு நடுவே ஒரு வரி: ‘2021-இல் எல்லைக் கிளைகளின் ஏல நடைமுறையை மறுசீரமைத்தேன்.’ இது என்ன என்று கேட்டேன். அடுத்த ஒன்றரை மணிநேரம் அதையே பேசினோம்.

2020 ஆகஸ்டில் தங்கம் அதுவரை காணாத உச்சத்தைத் தொட்டது. 10 கிராம் 56,000 ரூபாய்க்கு மேல். 2021 மார்ச்சில் 45,000-ஐ ஒட்டி இறங்கியது. ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு போய்விட்டது. என்.பி.எஃப்.சி.கள் நகை மதிப்பில் 75% வரை கடன் தரலாம் என்பது அப்போதைய விதி. உச்ச விலையில் 100 ரூபாய் நகைக்கு 75 ரூபாய் வாங்கியவர், வட்டியை முடிவில் கட்டும் வகைக் கடன் என்றால், ஆண்டுக்கு 12% என்று குறைத்தே வைத்தாலும் ஏழு மாதத்தில் 80 ரூபாய் கட்ட வேண்டியவர் ஆகிறார். நகையின் மதிப்பும் அப்போது அதே 80. கடன் கொடுத்தவருக்கு இருந்த மெத்தை மொத்தமும் கரைந்துவிட்டது. ஏலம் விடு என்று தலைமையகம் சொல்வது இயல்பு.

இவர் எல்லைப் பக்கத்துக் கிளைகளின் பட்டியலை எடுத்துப் பார்த்தார். மாடு வைத்திருப்பவர்கள், தென்னையிலிருந்து கள் இறக்குபவர்கள், தோப்புக் கூலிக்காரர்கள். எல்லைக்கு அந்தப் பக்கம், பொள்ளாச்சி வட்டத்துக் கிராமங்களிலிருந்து வந்து அடகு வைத்தவர்களும் கணிசம். முன்னறிவிப்புக் கடிதம் அத்தனை பேருக்கும் மலையாளத்திலும் ஆங்கிலத்திலும் போயிருந்தது. அவர்களில் பெரும்பாலோர் தமிழ் மட்டும் வாசிப்பவர்கள். “தபால் வந்துதுங்க, என்னான்னு தெரியலீங்க, பெட்டியில வெச்சிருக்கறேன்” என்று ஒரு வாடிக்கையாளர் கிளையில் சொன்னதை இவர் அன்றே குறித்துவைத்திருந்தார். கடனாளிக்கு அனுப்பும் தகவல் வட்டார மொழியிலோ அவருக்குப் புரியும் மொழியிலோ இருக்க வேண்டும் என்பது ரிசர்வ் வங்கியின் நியாய நடைமுறை விதி. வட்டார மொழி மலையாளம் என்று எடுத்துக்கொண்டு நிறுவனம் எழுத்தளவில் விதியைக் காப்பாற்றியிருந்தது. நகை மூழ்கப்போகிற சேதி நகைக்காரருக்குப் போய்ச் சேரவில்லை.

இவர் எழுதிக் கேட்டது இது. அந்தக் கிளைகளில் மட்டும் ஏலத்தை 45 நாள் தள்ளிப்போட வேண்டும். தமிழில் புதுக் கடிதம். அதோடு தமிழ் பேசும் ஊழியரின் தொலைபேசி அழைப்பு. வட்டியோடு அசலில் கொஞ்சம் கட்டினால் கடனைப் புதுப்பிக்கலாம். பால் சொசைட்டியில் பணப் பட்டுவாடா ஆகும் நாட்களில் கிளை ஊழியர் அங்கே போய் உட்கார வேண்டும். கடைசியாக, இந்த விண்ணப்பத்தில் மிக முக்கியமானது என்று நான் கருதுகிற வரி: அன்றைய விலையிலிருந்து தங்கம் மேலும் 5% இறங்கினால், பற்றாக்குறை அதிகமான கணக்குகளில் அன்றே ஏலம் தொடங்கும்.

மண்டல மேலாளர் எதிர்த்தார். அவருடைய கவலை நியாயமானது. விலை இன்னும் சரிந்தால் நட்டம் இரட்டிப்பாகும். இவர் ஒரு கணக்கைக் காட்டினார். ஏலத்தின் அடிவிலை கடந்த 30 நாள் சராசரி விலையில் 85%-க்குக் குறையக்கூடாது என்பது அப்போதைய விதி. 80 ரூபாய் நகைக்கு அது 68. சந்தை பயந்து கிடக்கும்போது எல்லோரும் ஒரே நேரத்தில் ஏலம் போட்டால் விலை அந்த அடிவிலை வரை இறங்கும் அபாயம் உண்டு. 80 ரூபாய்க் கடனுக்கு 68 கைக்கு வரும். மக்களுக்காக மட்டும் பேசவில்லை, நிறுவனத்தின் 12 ரூபாய்க்காகவும் பேசுகிறேன் என்பது அவருடைய வாதம். பொறுப்பைத் தன் பெயரில் எழுத்தில் ஏற்றார். மேலிடம் அனுமதித்தது. பெரும்பாலோர் வட்டி கட்டிப் புதுப்பித்தார்கள். ஏலத்துக்குப் போன நகைகள் சொற்பம்.

இதை ஏன் ஒற்றை வரியில் எழுதினீர்கள் என்று கேட்டேன். “இதெல்லாம் சின்ன ஊர் விஷயம் சார். ஃபிரான்ஸ்ல இருக்கறவங்களுக்குப் பால் சொசைட்டி என்னன்னு புரியுமா?”

புரியும். பால் சொசைட்டி புரியாவிட்டாலும், பிணையின் மதிப்பு கடனைத் தொட்டுவிட்ட இரவில் விற்பதா பொறுப்பதா என்ற கேள்வி உலகத்தின் எந்த வங்கியாளருக்கும் புரியும். சேர்க்கைக் குழுவின் மேசையில் நிறுவன இணைப்புகளைப் பற்றிய கட்டுரைகள் குவிந்து கிடக்கின்றன. பலவற்றில் எழுதியவர் பத்துப் பேர் குழுவில் எக்செல் தாள் தயாரித்தவர். இங்கே ஒருவர் தனியாக முடிவெடுத்திருக்கிறார், மேலதிகாரியை எதிர்த்திருக்கிறார், தான் தவறாக இருந்தால் எங்கே நிறுத்துவது என்பதையும் முன்கூட்டியே எழுதிவைத்திருக்கிறார். தலைமைப் பண்புக்கு இதைவிட நல்ல சாட்சியத்தை நான் இந்த வட்டாரத்திலிருந்து வந்த விண்ணப்பங்களில் கண்டதில்லை.

ஆனால் இந்த அனுபவத்தை எழுதும்போது இரண்டு இடத்தில் வழுக்கும். 2021 ஏப்ரலிலிருந்து தங்கம் மீண்டும் ஏறத் தொடங்கியது. அது அதிர்ஷ்டம். அவர் கணித்ததல்ல, கணித்ததாக ஒரு சொல்லில்கூடத் தொனிக்கக்கூடாது. நேர்காணலில் கேள்வி நிச்சயம் வரும்: விலை இன்னும் 10% இறங்கியிருந்தால்? பதில் அந்த 5% வரியில் இருக்கிறது. எத்தனை கணக்குகள் முதலில் ஏலத்துக்குப் போயிருக்கும், நட்டம் எவ்வளவில் நின்றிருக்கும் என்று உட்கார்ந்து கணக்குப் போட்டு வைத்துக்கொள்ளச் சொன்னேன். நிறுவனத்தின் உள்எண்களை வெளியிடாமல் விகிதமாகச் சொன்னால் போதும்.

இரண்டாவது வழுக்கல், இரக்கம். அவருடைய அடுத்த வரைவில் ‘ஏழை எளிய கிராம மக்களின் கண்ணீரைத் துடைத்தேன்’ என்ற சாயல் வந்துவிட்டது. வேண்டாம் என்றேன். அந்த மக்கள் கடனைத் திருப்பிக் கட்டினார்கள். தகவல் கிடைத்ததும், வருமானம் வரும் நாளுக்கேற்ப வசதி கிடைத்ததும், கட்டினார்கள். கடன் மதிப்பீட்டாளராக அவர் கண்ட உண்மை அதுதான், கண்ணீரைவிட வலுவானது.

எதற்காகப் படிப்பு

‘உலகளாவிய நிதித்துறைத் தலைவராக உயர்வது’ என்று எழுதியிருந்தார். நூறு பேரின் கட்டுரையில் இருக்கும் வாக்கியம். வீட்டில் என்ன பேசிக்கொள்வீர்கள் என்று கேட்டதும் வேறு பதில் வந்தது. நகை இல்லாதவருக்கு ஏன் கடன் இல்லை? சொசைட்டிக்குத் தினமும் பால் ஊற்றுபவரின் வருமானம் எழுத்தில் இருக்கிறது. அதை வைத்தே கடன் தர முடியாதா?

இது கனவு அல்ல. 2023 ஆகஸ்டில் ரிசர்வ் வங்கி தொடங்கிய கடன் தொழில்நுட்பத் தளத்தின் முன்னோட்டத்திலேயே பால் உற்பத்தியாளர் கடன் ஒரு வகையாக இருந்தது. 2024-இல் அதற்கு ஒருங்கிணைந்த கடன் இடைமுகம், யு.எல்.ஐ., என்று பெயர் வைத்தார்கள். அந்தத் துறைக்கு நகைக்கடனின் ரிஸ்க் தெரிந்தவரும், கடனாளியின் மொழி தெரிந்தவரும் வேண்டும். அவரிடம் இல்லாதவை, தொழில்நுட்பத் தயாரிப்பை உருவாக்கும் அறிவும் முதலீட்டாளரிடம் பேசும் பயிற்சியும். இப்போதுதான் ‘ஏன் எம்.பி.ஏ.’ என்ற கேள்விக்கு ஒரு பதில் பிறக்கிறது.

அதோடு பள்ளிகளின் வரிசையும் மாறுகிறது. வேலை இந்தியாவில், கூட்டாளிகள் பெங்களூரிலும் மும்பையிலும். அகமதாபாத்தில் விவசாய மேலாண்மைக்கென்றே நெடுங்காலமாக ஒரு மையம் இயங்குகிறது. பெங்களூர் ஐ.ஐ.எம்.மின் என்.எஸ்.ஆர்.சி.இ.எல். புதுத்தொழில்களை வளர்க்கும் இடம். இவர் பட்டியலில் பெங்களூர் இல்லாதது எனக்கு வியப்பாக இருந்தது, சேர்த்தோம்.

இன்சியட் சேர்க்கைக்குப் பார்க்கும் நான்கில் ஒன்று சர்வதேச ஈடுபாடு. இரண்டு மாநிலம், இரண்டு மொழி என்ற எல்லை வாழ்க்கையை அதற்குச் சான்றாக எழுத முயன்றார். வாளையாரைத் தாண்டுவது நாடு தாண்டுவதாகாது. அதை நீட்டிப் பிடித்தால் மற்ற நல்ல வரிகளின் நம்பகமும் கெடும். நேர்மையாக எழுதக்கூடியது, பிணையில்லாச் சிறுகடன் இந்தோனேசியாவிலும் கென்யாவிலும் எப்படி நடக்கிறது என்பதை அந்த நாடுகளின் வகுப்புத் தோழர்களிடம் கற்க வேண்டும் என்ற விருப்பம். அது உண்மையான விருப்பமும்கூட.

பணம்

ஐ.ஐ.எம். ஓராண்டுப் படிப்புகளின் கட்டணம் 30 லட்சத்துக்கு மேல். வங்கிகள் இந்தக் கழகங்களுக்குச் சொத்து ஜாமீன் இல்லாமலே கடன் தருகின்றன. இன்சியட்டில் கட்டணம் மட்டுமே 1 லட்சம் யூரோவைத் தாண்டும். ரூபாயில் ஒரு கோடி என்று வைத்துக்கொள்ளலாம். அமெரிக்காவின் ஓராண்டுப் படிப்புகள் அதற்கும் மேலே.

“நம்ம தோப்ப வெச்சுக் கடன் வாங்கு அம்மிணி” என்று அப்பா சொல்லியிருக்கிறார். ஆழியாற்றுத் தண்ணீர் சித்தூர்ப் புழை வழியாக வரும் தென்னந்தோப்பு. அந்தச் சொல்லுக்கு முன் எனக்குப் பேச்சு வரவில்லை. ஆனால் 2002-ஆம் ஆண்டின் சர்ஃபாசி சட்டம் விவசாய நிலத்தைத் தன் வரம்பிலிருந்து விலக்கிவைத்திருக்கிறது. கடன் நின்றுபோனால் நீதிமன்றம் போகாமல் வங்கி அதைக் கைப்பற்ற முடியாது. அதனாலேயே கல்விக்கடனுக்குத் தோப்பைப் பிணையாக ஏற்கப் பல வங்கிகள் தயங்கும். இவருக்கு இது தொழில்முறையிலேயே தெரியும். அப்பாவிடம் சொல்லத்தான் மனம் வரவில்லை. சொல்லிவிடுங்கள் என்றேன், தோப்பு தோப்பாகவே இருக்கட்டும்.

கடன் யூரோவிலோ டாலரிலோ, சம்பளம் ரூபாயில் என்றால் அது அவரே தன் வாடிக்கையாளருக்கு ஒருபோதும் பரிந்துரைக்காத கட்டமைப்பு. அதோடு 2025 செப்டம்பரில் அமெரிக்கா புதிய எச்-1பி வேலை விசா மனுக்களுக்கு 1 லட்சம் டாலர் கட்டணம் அறிவித்தது. விலக்குகள் உண்டு என்றாலும், அங்கே சில ஆண்டு வேலை பார்த்துக் கடன் அடைப்பது என்ற பழைய கணக்கை நம்பி இறங்கும் காலம் இது அல்ல.

பள்ளிவாரியாக என் தீர்ப்பு

அகமதாபாத், பெங்களூர்: நல்லது. அனுபவம் அளவாக இருக்கிறது, 635 தடையில்லை, பொறியாளர்கள் நிறைந்த வகுப்பில் சி.ஏ. படித்த பெண், கையில் ஒரு தெளிந்த முடிவின் வரலாறு. நேர்காணலில் தடுமாறாவிட்டால் இரண்டில் ஒன்று கிடைக்க வேண்டும் என்று நினைக்கிறேன்.

ஐ.எஸ்.பி.: சமபலத்துக்குச் சற்றுக் கீழே. மதிப்பெண்ணும் உயர வேண்டும், ஆண்டுகளும் அங்கே கூடுதல். இரண்டு ஐ.ஐ.எம். விண்ணப்பங்கள் முடிந்த பிறகு நேரம் இருந்தால் பார்க்கலாம்.

இன்சியட்: சமபலம், ஜிமேட் 655-ஐ ஒட்டினால். அதன் விண்ணப்பம் தற்போதைய வேலையைப் பற்றி விரிவாகக் கேட்கிறது. கீழே எத்தனை பேர், எவ்வளவு பட்ஜெட், என்ன விளைவு என்று. அந்தக் கேள்வி இவருக்குச் சாதகம். உதவித்தொகை இல்லாமல் இடம் மட்டும் கிடைத்தால் போக வேண்டாம் என்பது என் கருத்து. கணவர் வேறுபடுகிறார், அது அவர்கள் வீட்டு முடிவு.

ஸ்லோன் ஃபெலோஸ் வகை: இப்போது அரிது. அங்கே வருபவர்கள் ஒரு பிரிவையே நடத்தியவர்கள். மூன்றாண்டு கழித்து, சொந்தமாக ஒரு கடன் திட்டத்தை நடத்திய பிறகு என்றால் கதை வேறு. வேலையை விடவே முடியாத நிலை வந்தால் கோழிக்கோடு ஐ.ஐ.எம். வேலையில் இருப்பவர்களுக்காக நடத்தும் படிப்பு இருக்கிறது.

பரிந்துரைக் கடிதத்துக்கு இப்போதைய மேலதிகாரியை நினைத்திருந்தார். அவர் வந்து ஓராண்டுதான் ஆகிறது. நல்ல மனிதர், பொதுவாகவே எழுதுவார். 2021-இல் எதிர்த்த அந்த மண்டல மேலாளரைக் கேளுங்கள் என்றேன். அவர் இப்போது வேறு நிறுவனத்தில் இருக்கிறார். தயங்கித் தயங்கி அழைத்தார். “நான் அன்னைக்கு வேண்டாம்னு சொன்னதையும் சேர்த்தே எழுதறேன்” என்றாராம். அந்த ஒரு கடிதம், ஜிமேட்டில் கூடுதல் 20 மதிப்பெண்ணைவிடப் பெரியது.

விண்ணப்பங்கள் போகும் வரிசை முடிவாகிவிட்டது: முதல் சுற்றில் அகமதாபாத்தும் பெங்களூரும், ஜிமேட் மறுதேர்வுக்குப் பின் இன்சியட். எங்கும் கிடைக்காவிட்டால் அடுத்த ஆண்டுக்குள் எது மாற வேண்டும் என்றும் பேசினோம். பால் வருமானத்தை மட்டும் வைத்து, நகையில்லாமல், இரண்டு எல்லைக் கிளைகளில் சிறிய அளவில் கடன் கொடுத்துப் பார்க்க அவருடைய நிறுவனத்திடம் அனுமதி கேட்பது. அதற்கான குறிப்பை அவர் ஏற்கெனவே எழுதத் தொடங்கிவிட்டார். படிக்க இடம் கிடைத்தாலும் கிடைக்காவிட்டாலும் இந்தக் காலாண்டுக்குள் அதைத் தலைமையகத்துக்கு அனுப்புவதாகச் சொல்லியிருக்கிறார்.